அடுத்த விசிறியை எங்கே மாட்டுவது?

ஒரு காலத்தில் என் கணினிப் பெட்டியில் ஏழு விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் மூன்று, மேலே மூன்று, பின்னால் ஒன்று. விசிறி மாட்ட எத்தனை இடம் கொடுத்திருந்தார்களோ அத்தனையையும் நிரப்பி வைத்திருந்தேன். ஒருநாள் தூசி துடைப்பதற்காக மேல் விசிறிகளின் இணைப்பைக் கழற்றியவன், திரும்பச் செருக மறந்துவிட்டேன். கவனித்தது இரண்டு வாரம் கழித்து. அந்த இரண்டு வாரமும் எதுவும் கொதிக்கவில்லை. பிராசஸர் முன்பைவிட ஓரிரு டிகிரி குறைவாகவே இருந்தது. சத்தம் குறைந்ததைக்கூட, ஏதோ அறை அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று விசிறிகள் சும்மா சுற்றியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவை இத்தனை நாளும் கெடுதல் செய்துகொண்டிருந்தன என்பதுதான் உறுத்தியது. அதன் பிறகு விசிறிகளை இடம் மாற்றி, திசை மாற்றி, எண்ணிக்கை மாற்றிப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பெட்டிக்குப் பெட்டி முடிவு மாறும். உள்ளே எத்தனை வாட் எரிகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் சில அமைப்புகள் எங்கே வைத்தாலும் ஒப்பேறிவிடுகின்றன. வேறு சில, படத்தில் பார்க்க அட்டகாசமாக இருந்தும் வேலைக்கு ஆவதில்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு

கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. கேம் ஓடும்போது 400 வாட் இழுக்கும் கணினி, அறைக்குள் வைத்த 400 வாட் ஹீட்டர்தான். அந்த வெப்பத்தைக் காற்று சுமந்து வெளியேற வேண்டும். பெட்டி வழியாக நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று ஓடினால், வெளியே வரும் காற்று உள்ளே போன காற்றைவிடச் சுமார் 20 டிகிரி சூடாக இருக்கும். இரண்டு கன மீட்டர் ஓடினால் 10 டிகிரி. நான்கு ஓடினால் 5. முதல் முறை காற்றை இரட்டிப்பாக்கியதில் 10 டிகிரி லாபம். அடுத்த முறை இரட்டிப்பாக்குவதற்கு அதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கூட்டியும் 5 தான் லாபம். விசிறிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் சுருங்கிக்கொண்டே வரும்.

ஒரு விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளும்? ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் தன் என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்ற 120 மி.மீ. விசிறிக்கு, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் மணிக்கு 102.1 கன மீட்டர் என்று குறிப்பிடுகிறது. அதாவது நிமிடத்துக்கு 1.7. காற்றின் அளவு சுற்றுக்கு நேர் விகிதம் என்பதால், 1,200 சுற்றில் அது ஒரு கன மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். இதுவும் முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. தூசி வடிகட்டி, வலை, முகப்புத் தகடு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே வருவது இதில் ஒரு பகுதிதான். மோசமான முகப்பு உள்ள பெட்டியில் பாதிகூட வராது.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியேறும் காற்று 20 டிகிரி சூடாக இருப்பதில் தவறே இல்லை. அந்தக் காற்றைக் கிராஃபிக்ஸ் கார்டு மறுபடியும் உறிஞ்சினால்தான் தொல்லை. அறைக் காற்று கலப்பில்லாமல் நேராகக் கார்டின் விசிறிக்கும் பிராசஸர் கூலருக்கும் போய்ச் சேர்ந்து, சூடேறியதும் அவற்றின் பக்கமே திரும்பாமல் வெளியேறினால், குறைந்த காற்றே போதும். உள்ளேயே சுழன்றுகொண்டிருந்தால் எத்தனை விசிறி இருந்தும் பயனில்லை. கீழே எந்த அமைப்பை எடுத்துக்கொண்டாலும் நான் பார்ப்பது இதைத்தான்: புதுக் காற்று யார் வாய்க்குப் போகிறது?

சூடான காற்று மேலேதானே போகும்?

போகும், அசையாத காற்றில். மெதுவாகச் சுற்றும் ஒரு விசிறி கொடுக்கும் வேகத்துக்கு முன்னால், பெட்டிக்குள் வெப்பத்தால் தானாக எழும் காற்றின் வேகம் ஒன்றுமே இல்லை. விசிறி எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகும். 2021-இல் வந்த ஃப்ராக்டல் டாரண்ட் பெட்டியின் மேல்பக்கம் முழுவதும் மூடியிருக்கும். பவர் சப்ளை மேலே உட்கார்ந்திருக்கும். முன்னால் இருக்கும் இரண்டு 180 மி.மீ. விசிறிகள் தள்ளும் காற்று நேராகப் பின்பக்கம் போய்விடுகிறது. காற்றால் குளிர்விக்கும் பெட்டிகளில் அது நல்ல பெயர் வாங்கிய ஒன்று. மேலே துளையே இல்லாமல் சமாளிக்க முடிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

காற்றின் திசையைப் பற்றித் தொழில்துறையே தன் முடிவை மாற்றிக்கொண்டதும் உண்டு. மதர்போர்டு, பெட்டி, பவர் சப்ளை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான ஏடிஎக்ஸ் வடிவத்தை 1995-இல் இன்டெல் கொண்டுவந்தபோது, பவர் சப்ளையின் விசிறி உள்ளே நோக்கி ஊதி பிராசஸரைக் குளிர்விக்க வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தார்கள். பவர் சப்ளையின் சூட்டையும் சேர்த்து பிராசஸர் மேல் ஊதினால் என்ன ஆகும்? பிறகு விசிறி வெளியே ஊதும்படி திசையைத் திருப்பிவிட்டார்கள். 2004-இல் காற்றோட்டத்தை முன்னிறுத்தியே பிடிஎக்ஸ் என்று புதிய வடிவம் வந்தது. அது நிலைக்கவில்லை. நாம் இன்றும் ஏடிஎக்ஸ் வடிவத்துக்குள்தான் விசிறியை நகர்த்திக்கொண்டிருக்கிறோம்.

பின்னால் ஒன்று மட்டும்

தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, பிராசஸர் 65 வாட் வகை, எழுத்து வேலையும் இணையமும்தான் என்றால், பின்பக்கம் ஒரே ஒரு வெளியேற்றும் விசிறி போதும். முன்னால் காற்று நுழைய வழி இருந்தால் சரி. இதற்கு மேல் வாங்குவது ஆசைக்கு.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று

யாராவது யோசிக்க நேரமில்லை, ஒன்றைச் சொல் என்றால் நான் சொல்வது இதைத்தான். முன்பக்க விசிறிகளில் கீழே இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுக்கும், மேலே இருப்பது பிராசஸரின் மேல் கோபுரம்போல நிற்கும் டவர் கூலருக்கும் ஊதும். டவர் கூலரின் விசிறியும் பின்பக்கம் பார்த்துத்தான் தள்ளுகிறது. அதற்கு நேர் பின்னால் வெளியேற்றும் விசிறி இருக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் செங்கல் மாற்றுவதுபோலக் காற்று ஒரே திசையில் கைமாறிக்கொண்டு போகிறது. உள்ளே வருவது இரண்டு, வெளியே போவது ஒன்று என்பதால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். மீதிக் காற்று கார்டுக்குப் பின்னால் உள்ள துளைத் தகடுகள் வழியாகத் தானே பிதுங்கி வெளியேறும். கார்டைச் சுற்றித் தேங்கும் சூட்டுக்கு அதுவே ஒரு வழி.

முன்னால் மூன்று இடம் இருந்து கையில் இரண்டு விசிறிதான் என்றால் எந்த இரண்டு இடம்? கேம் ஆடுபவருக்குக் கார்டுதான் பெரிய அடுப்பு, ஆகவே கீழும் நடுவும் என்றுதான் சொல்லத் தோன்றும். அதற்கு முன் பெட்டிக்குள் குனிந்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. இன்றைய பெட்டிகளில் பவர் சப்ளையை மூடும் தகடு அடியில் குறுக்கே ஓடுகிறது. பல பெட்டிகளில் கீழ் விசிறியின் பாதிக்கு மேல் அந்தத் தகட்டுக்குக் கீழே போய்விடும். அங்கே மாட்டினால் காற்று வயர்க் குவியலின் மேலும் ஹார்டு டிஸ்க் கூண்டின் மேலும் ஊதிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் நடுவும் மேலும்தான் சரி.

இந்த அமைப்பு தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு: முகப்பு. முன்னால் முழுக் கண்ணாடியோ கெட்டித் தகடோ வைத்து, ஓரத்தில் விரல் நுழையாத ஒரு பிளவு மட்டும் விட்டிருப்பார்கள். விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும், காற்று வராது. சோதிப்பது எளிது. ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முகப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை அதே இடத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் உங்களுக்கு வேண்டியது விசிறி அல்ல, வேறு முகப்பு. அல்லது வேறு பெட்டி. கண்ணாடி முகப்புக்குப் பின்னால் விலை உயர்ந்த விசிறிகளை மாட்டுவது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டப் பந்தயத்துக்குப் போவதுபோல.

நான்காவது விசிறி

மூன்று மாட்டியாயிற்று. இன்னும் ஒன்று வாங்க மனம் இருக்கிறது. முன்னால் மூன்றாவது, மேலே பின்பக்கம், மேலே முன்பக்கம், அடியில் என்று நான்கு இடங்கள் காத்திருக்கின்றன.

மேலே முன்பக்கம் வெளியேற்றும் விசிறி மாட்டுவதைத்தான் நான் செய்திருந்தேன், அதுவே என் ஏழு விசிறிக் கதையின் குற்றவாளி. பிடித்தது எப்படி என்று சொல்கிறேன். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, அதன் ஒரு முனையை டவர் கூலருக்கு ஒரு சாண் முன்னால், பெட்டியின் கூரையிலிருந்து தொங்கும்படி டேப் போட்டு ஒட்டினேன். விசிறி இறக்கைக்கு எட்டாத நீளம். பக்கக் கண்ணாடியை மூடிவிட்டுக் கணினியை ஓடவிட்டேன். முன்னாலிருந்து வரும் காற்றில் காகிதம் கூலரை நோக்கிச் சாய வேண்டும். அது சாயவில்லை. நுனி சுருண்டு மேலே எழும்பி, மேல் விசிறியின் வலையோடு போய் ஒட்டிக்கொண்டு படபடத்தது. முன்பக்க மேல் விசிறி கொண்டுவந்த குளிர்ந்த காற்றை, கூலர் தொடுவதற்கு முன்பே மேல் விசிறி உருவி வெளியே எறிந்துகொண்டிருந்தது. உலையில் போட வேண்டிய அரிசியை வாசலிலேயே கொட்டும் வேலை. அந்த விசிறியின் இணைப்பைப் பிடுங்கியதும் காகிதம் மெல்லக் கீழே இறங்கி, கூலர் பக்கம் சாய்ந்து நின்றது.

மேலே பின்பக்கம், அதாவது கூலருக்கும் பின்பக்க விசிறிக்கும் இடையே கூரையில் மாட்டுவது அப்படியல்ல. அங்கே காற்று ஏற்கெனவே கூலரைக் கடந்துவிட்டது; சூடாகிவிட்டது; அதை எடுத்து வெளியே விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பிராசஸரை நாள் முழுக்கக் கசக்கும் வீடியோ, முப்பரிமாண வேலை செய்பவருக்குக் கொஞ்சம் உதவும். கேம் மட்டும் ஆடுபவருக்குப் பெரிய மாற்றம் தெரியாது.

அதே முன்பக்க மேல் இடத்தில் விசிறியைத் திருப்பிப் போட்டு, மேலிருந்து உள்ளே ஊதவிட்டால்? பலருக்கு இது பாவச் செயல்போலத் தோன்றும். டவர் கூலர் இருக்கும் பெட்டியில் இது கொஞ்சம் பலன் தருவதை நானே பார்த்திருக்கிறேன். அறைக் காற்று சில அங்குல தூரத்தில் கூலரின் வாய்க்குக் கிடைக்கிறது அல்லவா. ஆனால் மேலே விழும் தூசி எல்லாம் நேராக உள்ளே வரும். வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்ட மனமில்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். எனக்கு மனமில்லை.

முன்னால் மூன்றாவது விசிறி பாதுகாப்பான தேர்வு. அதிரடியாக எதுவும் நடக்காது, ஆனால் மூன்றையும் மெதுவாகச் சுற்றவிட்டு இரண்டின் வேலையை வாங்கலாம். அமைதி வேண்டுபவர் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

அடியில் உள்ளே ஊதும் விசிறிதான் என் தேர்வு, இரண்டு நிபந்தனைகளோடு. பெட்டியின் கால்கள் ஓரிரண்டு விரல் உயரமாவது இருந்து, கெட்டியான தரையிலோ மேசையிலோ நிற்க வேண்டும். கம்பளத்தின் மேல் நின்றால் அடிப்பக்கம் அடைபட்டுவிடும். இரண்டாவது, விசிறிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவே தகடு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. இவை இரண்டும் அமைந்துவிட்டால், கார்டின் விசிறிகள் கீழ் நோக்கித் திறந்திருக்கும் வாயில் அறைக் காற்றை நேரே ஊட்டுவது இந்த ஒரு விசிறி மட்டுமே. ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டு தனியாகவே 450 வாட் வரை எரிக்கிறது. பெட்டியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராத கணினிகள்தான் அதிகம். சாப்பாடு முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

மீன் தொட்டிப் பெட்டிகளும் அக்கா மகனும்

முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடியாக, மீன் தொட்டிபோல இருக்கும் பெட்டிகள் இப்போது எங்கும் இருக்கின்றன. 2018-இல் வந்த லியான் லி ஓ11 டைனமிக் இந்த வகைக்குப் பெரிய வழி திறந்துவிட்டது. முன்னால் கண்ணாடி என்பதால் காற்று நுழைவது மதர்போர்டுக்கு அருகே உள்ள பக்கச் சுவரிலிருந்தும் அடியிலிருந்தும். வெளியேறுவது மேலேயும் பின்னாலும். பக்கச் சுவரிலிருந்து வரும் காற்று எதிரே உள்ள கண்ணாடியில் மோதித் திரும்பித்தான் உள்ளே பரவுகிறது. கார்டின் அடிவயிற்றுக்கு அதில் கிடைப்பது குறைவு. அதனால் சாதாரணப் பெட்டியில் விருப்பமாக இருந்த அடி விசிறிகள் இங்கே கட்டாயம். இந்தப் பெட்டியை வாங்கத் துணிபவர், கூடவே ஐந்தாறு விசிறிகளின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வலை முகப்புள்ள பெட்டி மூன்று விசிறியில் செய்யும் வேலைக்கு இதற்கு ஆறு தேவைப்படும். அழகுக்குக் கொடுக்கும் வாடகை அது. கொடுக்க விருப்பமிருந்தால் குறை சொல்ல நான் யார்?

என் அக்கா மகன் தன் முதல் கணினியை இப்படியொரு பெட்டியில்தான் கட்டினான். ஒன்பது விசிறிகள், எல்லாம் வானவில் நிறத்தில். கட்டி முடித்த மறுநாள் அழைத்தான். "மாமா, கார்டு கொதிக்கிறது. விசிறி எல்லாம் ஓடுகிறது, ஆனால் கையை எங்கே வைத்தாலும் காற்று வெளியேதான் வருகிறது."

போய்ப் பார்த்தால், ஒன்பதுமே வெளியேற்றிக்கொண்டிருந்தன. விசிறிக்கு இரண்டு முகம். இறக்கை மட்டும் தெரியும் முகம் காற்றை இழுப்பது. குறுக்குக் கால்களும் மோட்டாரைத் தாங்கும் வட்டமும் தெரியும் முகம் காற்றைத் துப்புவது. பல விசிறிகளின் சட்டத்தில் சுற்றும் திசைக்கும் காற்றின் திசைக்கும் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அவன் அம்பைப் பார்க்கவில்லை.

"ஏன்டா எல்லாவற்றையும் இப்படி மாட்டினாய்?"

"அழகான பக்கம் கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டாமா, மாமா?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அழகான முகம் உள்ளே தெரிந்தால் அந்த விசிறி வெளியேற்றத்தான் செய்யும். இந்தச் சிக்கலுக்காகவே இறக்கைகளை எதிர்த் திசையில் வளைத்த விசிறிகளை இப்போது விற்கிறார்கள். அவற்றில் அழகான முகம் வழியாகவே காற்று வரும். பக்கச் சுவருக்கும் அடிக்கும் அப்படிப்பட்டதை வாங்கினால் அழகும் கெடாது, காற்றும் கெடாது.

எல்லாம் வெளியேற்றும் அமைப்பை வேண்டுமென்றே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. சூடு தேங்காது என்பது அவர்கள் வாதம். வெப்பத்தில் அது எப்போதும் மோசமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தூசியில்தான் அடி வாங்கும். உள்ளே அழுத்தம் குறைவதால், வடிகட்டி இல்லாத ஒவ்வொரு பிளவிலும் காற்று புகுந்து வரும். அக்கா மகனின் பெட்டியில் அந்தக் குறுகிய காலத்திலேயே கார்டுக்குப் பின்னால் உள்ள துளைத் தகடுகளின் விளிம்பிலும், யூஎஸ்பி வாய்களைச் சுற்றியும், கண்ணாடி சேரும் ஓரத்திலும் சாம்பல் நிறக் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. பென்சிலால் கோடிழுத்ததுபோல. உங்கள் பெட்டியில் அழுத்தம் கூடுதலா குறைவா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம், அந்தக் கோடுகளைத் தேடினால் போதும். கோடு இருந்தால் வெளியேற்றும் விசிறிகளின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். வடிகட்டி போட்ட வழியாகக் கொஞ்சம் அதிகமாக உள்ளே விட்டு, மீதியைப் பிளவுகள் வழியாகக் கசியவிடுவதுதான் துடைக்கும் வேலையைக் குறைக்கும்.

ரேடியேட்டர் மேலேயா, முன்னாலா?

பிராசஸரின் சூட்டைக் குழாய் வழியாகத் தண்ணீரில் கொண்டுபோய், விசிறி மாட்டிய ரேடியேட்டரில் ஆறவைப்பது நீர்க் குளிர்விப்பு. அதை வைத்திருப்பவருக்கு இன்னொரு கேள்வி கூடுகிறது. முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்கு அறைக் காற்று கிடைக்கும். பிராசஸர் சில டிகிரி குறையும். ஆனால் பிராசஸரின் சூட்டைச் சுமந்த காற்றுதான் கார்டுக்குப் போகும். மேலே வெளியேற்றும்படி வைத்தால் கதை தலைகீழ்: கார்டு பிழைக்கும், அதன் சூட்டை ரேடியேட்டர் ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

கேம் ஆடும்போது பிராசஸர் இழுப்பது கார்டு இழுப்பதில் ஒரு சிறு பங்குதான். அதனால் கேமுக்கு மேலே வைப்பதே சரி என்பேன். கோர் ஐ9-14900கே போன்ற பிராசஸரை, அதன் 253 வாட் எல்லை வரை பல மணி நேரம் ஓட்டும் வேலை, கார்டுக்கு அதிக வேலையில்லை என்றால் முன்னால். முன்னால் வைக்கும்போது குழாய்கள் சேரும் முனை கீழே இருக்கட்டும். தண்ணீர் ஓடும் சுற்றுக்குள் சிக்கியிருக்கும் காற்றுக் குமிழி உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த உயரமான இடம் பம்பாக இருந்துவிட்டால் கொரகொரவென்று சத்தமும், நாளடைவில் பம்புக்குக் கேடும் வரும். ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருகை முடுக்குங்கள்.

பெரியதா, நிறையவா, வேகமாகவா

விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்று 20 சதவீதம்தான் குறைகிறது. சத்தமோ சுமார் 5 டெசிபல் இறங்குகிறது. பாதியாகக் குறைத்தால் ஏறக்குறைய 15 டெசிபல். ஒரே மாதிரி விசிறி இரண்டு ஓடினால் ஒன்றைவிட 3 டெசிபல்தான் கூடும். ஆக, ஒன்றை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால், கணக்குப்படி அதே அளவு காற்று, 12 டெசிபல் குறைவான சத்தம். விசிறிகளைக் கூட்டுவதற்கு நல்ல காரணம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குளிர்ச்சிக்காக அல்ல, காதுக்காக.

இதில் ஒரு ஓட்டை உண்டு. காற்றைத் தள்ளும் அழுத்தம், வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். பாதி வேகத்தில் அழுத்தம் கால் பங்குதான். திறந்த வலை முகப்பில் அது போதும். அடர்த்தியான வடிகட்டி, ரேடியேட்டர் இவற்றுக்கு முன்னால் மெதுவாகச் சுற்றும் விசிறி மூச்சுத் திணறிவிடும். அங்கே அழுத்தத்துக்கென்று அகன்ற இறக்கையோடு செய்த விசிறியை மாட்டி, வேகத்தையும் சற்றுக் கூட்டியே வைக்க வேண்டும்.

140 மி.மீ. விசிறிக்கு 120 மி.மீ. விசிறியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரப்பு அதிகம். இடம் இருந்தால் இரண்டு 140-ஐ எடுக்கலாம். முகப்பில் மூன்று 120-க்கு ஏறக்குறைய சமமாக வேலை செய்யும். வாங்குவதற்கு முன் திருகுத் துளைகளைப் பாருங்கள்: 120-க்குத் துளைகளின் இடைவெளி 105 மி.மீ., 140-க்கு 124.5.

மூன்று கம்பி விசிறியின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்துவார்கள். நான்கு கம்பி விசிறிக்கு 12 வோல்ட் அப்படியே இருக்க, தனிக் கம்பியில் போகும் துடிப்பு வேகத்தைச் சொல்லும். நான்கு கம்பி இன்னும் மெதுவான வேகத்துக்கு இறங்க முடிவதால் அதையே வாங்குங்கள். மதர்போர்டின் ஒரு விசிறி இணைப்பு பொதுவாக ஒரு ஆம்பியர் வரை தாங்கும். பிரிப்பு வயர் போட்டு மூன்று விசிறிகளை ஒன்றில் கோப்பதில் பயமில்லை, ஒவ்வொன்றின் ஸ்டிக்கரிலும் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பார்த்துக்கொண்டால்.

இடத்தைவிடவும் பலர் கோட்டை விடுவது வேக அமைப்பில். பெட்டி விசிறிகள் பொதுவாகப் பிராசஸரின் வெப்பத்தைப் பார்த்துத்தான் வேகத்தை மாற்றுகின்றன. பிராசஸரின் வெப்பம் ஒரு இணையப் பக்கம் திறந்தாலே துள்ளும். விசிறிகளும் உடனே ஊளையிட்டு அடங்கும். கேம் ஓடும்போது கொதிப்பதோ கார்டு. ஆகவே முன்பக்க, அடி விசிறிகளைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிடுவது நல்லது. மதர்போர்டின் அமைப்பிலேயே சிலவற்றில் இதற்கு வசதி உண்டு. இல்லாவிட்டால் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச விண்டோஸ் நிரல் செய்யும். வெப்பம் மாறிய சில விநாடிகளுக்குப் பிறகே வேகம் மாறும்படி தாமதமும் வைத்துவிட்டால், அந்த ஏற்ற இறக்கச் சத்தம் போயே போய்விடும்.

ஒப்பிடும்போது

நேற்று இரவு எடுத்த அளவையும் இன்று மதியம் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அறை நான்கு டிகிரி சூடானால் கார்டும் ஏறக்குறைய நான்கு டிகிரி ஏறும். எனவே ஒவ்வொரு முறையும் முகப்புக்கு அருகே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். விசிறி வேகத்தைத் தானியங்கியில் விடாமல் ஒரே எண்ணில் நிறுத்தி வையுங்கள். கார்டின் விசிறியையும் சேர்த்து. இல்லாவிட்டால் வெப்பம் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் ஏறியிருக்கும், மாற்றமே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விசிறியை மட்டும் மாற்றுங்கள். குறைந்தது இருபது நிமிடம் ஓடிய பிறகே எண்ணைக் குறியுங்கள்; நீர்க் குளிர்விப்பில் தண்ணீர் சூடேறி நிலைக்க இன்னும் நேரம் பிடிக்கும்.

ஓரிரு டிகிரி வித்தியாசம் வந்தால், எதில் சத்தம் குறைவோ அதை எடுத்துக்கொள்வேன். ஐந்தாறு டிகிரி வந்தால்தான் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றி யோசிப்பேன்.

என் பெட்டியின் கூரையில் இருந்த மூன்று விசிறிகளில் ஒன்று இப்போது அடியில், கார்டுக்குக் கீழே உள்ளே பார்த்து ஊதுகிறது. இன்னொன்றை அக்கா மகன் வாங்கிக்கொண்டான், அம்புக்குறியைக் காட்டித்தான் கொடுத்தேன். மூன்றாவது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில், அதாவது கூரையின் முன்பாதியில், தூசி விழாமல் ஒரு அட்டையை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.